தோற்றுத் திரும்பிய இரவு

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையிலுள்ள ஒரு கல்லூரியில் நாம் பல ஆண்டுகளாகக் கால்பந்துப் பயிற்சி அளித்து வருகிறோம். நம் பிள்ளைகள் வென்ற ஆட்டங்களைப் பற்றி எழுதுமாறு சங்கத்து நண்பர்கள் சிலர் கேட்டதுண்டு. ஆனால் எழுத உட்கார்ந்தால் நினைவில் முதலில் வந்து நிற்பது ஒரு தோல்விதான். அதை மறைத்துவிட்டு வெற்றிகளை மட்டும் அடுக்குவது நேர்மையாகாது. அன்றியும், பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் குடும்பங்களுக்கு அந்தத் தோல்வியில் ஒரு செய்தி இருக்கிறது.

எங்கள் பகுதியை அறியாத அன்பர்களுக்காக இரண்டொரு வார்த்தை சொல்ல வேண்டும். 1956 நவம்பர் 1ஆம் நாள் திருவிதாங்கூர்ச் சீமை மொழிவழியே பிரிக்கப்பட்டது. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குச் சென்றன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. வரைபடத்தில் கோடு தெளிவாக விழுந்தது. வீடுகளில் அவ்வாறு விழவில்லை. களியக்காவிளைச் சந்தையில் காய்கறி வாங்கிப் பாறசாலையில் சமைப்பவர்கள் இன்றும் உண்டு. அக்காளை அக்கரையிலும் தங்கையை இக்கரையிலும் கட்டிக் கொடுத்த வீடுகளும் உண்டு. ஒரே வாக்கியத்தில் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பது இங்கே யாருக்கும் புதுமையன்று.

கால்பந்தும் இங்கே கோட்டைப் பாராத ஒரு பொருள். நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் கடலோரத்திலுள்ள பொழியூர், சந்தோஷ் கோப்பை ஆட்டக்காரர் பலரைத் தந்த மீனவர் கிராமம். எல்லைக்கு அப்பால் கொல்லங்கோட்டைத் தாண்டிக் கடற்கரையோடு நடந்தால் வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர் என்று வரிசையாகப் பந்தாடும் ஊர்கள். ஐ-லீக், ஐ.எஸ்.எல். பந்தயங்களில் பெயர் பெற்ற மைக்கேல் சூசைராஜ் அக்கடற்கரையில் வளர்ந்தவர்தான். மாலை வெயில் தாழ்ந்ததும் மணலில் பந்து உருளத் தொடங்கிவிடும். அங்கே யார் எந்த மாநிலம் என்று எவரும் கேட்பதில்லை.

நாம் விளவங்கோட்டுப் பக்கத்தில் பிறந்தவர், பிழைப்பு கேரளத்தில். இரு மொழியும் நாவில் புரளும் என்பதில் நமக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது. மலையாளப் பையனிடம் மலையாளத்திலும் தமிழ்ப் பையனிடம் தமிழிலும் பேசிப் பயிற்சி கொடுப்பதே நம் திறமை என்று எண்ணியிருந்தோம். அந்தப் பெருமைதான் பிறகு நம்மைக் கவிழ்த்தது.

அவ்வாண்டு நம் அணியின் பின்வரிசையில் ஒரு பையன் சேர்ந்தான். அவன் பெற்றோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து செங்கல் சூளை வேலைக்கு வந்து, பாறசாலைக்கு அருகே ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தவர்கள். குமரித் தமிழருக்கு மலையாளம் காதில் ஊறியது, இவர்களுக்கு அப்படியன்று. முதல் நாள் ஆட்டத்தின் நடுவே ஒருவன் "வெள்ளம், வெள்ளம்" என்று கேட்டபோது, இவன் வானத்தை அண்ணாந்து பார்த்தான். குடிக்கத் தண்ணீர் கேட்கிறான் என்று தெரிந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நாமும் சிரித்தோம். அச்சிரிப்போடு அந்தக் காரியத்தை மறந்துவிட்டோம். அன்றே விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

பின்பு மலபார்ப் பக்கத்தில் ஒரு பந்தயம் வந்தது. வடக்கே பந்தாட்டம் என்றால் ஊரே மைதானத்தில் திரளும். எங்கள் பிள்ளைகள் அத்தகைய கூட்டத்தின் நடுவே ஆடிப் பழகாதவர்கள். ஆயினும் இடைவேளைக்கு முன்பே ஒரு கோல் போட்டார்கள். பிற்பகுதியில் எதிரணியினர் அதைச் சமன் செய்தனர். ஆட்டம் முடிய நான்கைந்து நிமிடங்களே இருந்தன. சமநிலையில் முடிந்தாலே நாம் அடுத்த சுற்றுக்குப் போய்விடலாம்.

அப்பொழுது இடப்புறத்திலிருந்து பந்து உயர்ந்து வந்தது. நம் கோல்கீப்பர் அதைப் பிடிக்க முன்னே ஓடிவந்து, வழியில் நின்ற அந்தப் பையனை நோக்கி, "மாறு! மாறு!" என்று கூவினான். மலையாளத்தில் அதற்கு 'விலகு' என்று பொருள். நாமோ பயிற்சியின்போது அந்தப் பையனிடம், காவல் காக்கும் ஆளை மாற்றிக்கொள் என்பதற்கு 'மாறு' என்றே சொல்லிப் பழக்கியிருந்தோம். பழகிய சொல் காதில் விழுந்ததும், தான் காத்து நின்றவனை விட்டுவிட்டு, மற்றொருவனைப் பிடிக்கக் குறுக்கே பாய்ந்தான். கோல்கீப்பரும் அவனும் மோதிக் கீழே விழுந்தார்கள். பந்து தரையில் உருண்டது. காவலற்று நின்ற எதிரணிக்காரன் அதை மெல்லத் தட்டி வலைக்குள் அனுப்பினான். ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தோற்றோம்.

அன்றிரவே ரயிலேறினோம். மலபாரிலிருந்து திருவனந்தபுரம் வரை நீண்ட பயணம். அதன் பின் நாகர்கோவில் வண்டி பிடித்து நெய்யாற்றின்கரை, பாறசாலை என்று இறங்க வேண்டும். வென்றிருந்தால் பாட்டும் கும்மாளமுமாகப் பொழுது கழிந்திருக்கும். அன்றோ சாப்பாட்டுப் பொட்டலங்களைக்கூடப் பாதிப்பேர் பிரிக்கவில்லை. நள்ளிரவுக்கு மேல் நாம் மேல் படுக்கையில் கண்ணை மூடிக் கிடந்தோம். கீழே இரண்டு மூன்று பையன்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தனர். "தமிழன் தோற்கடித்துவிட்டான்" என்றான் ஒருவன். வேறொருவன் அதை ஆமோதித்தான். அந்தப் பையன் கதவருகே, எல்லாம் காதில் விழும் தூரத்தில், உட்கார்ந்திருந்தான்.

நாம் எழுந்திருக்கவில்லை. காலையில் பேசிக்கொள்ளலாம், களைப்பில் பிதற்றுகிறார்கள், என்றெல்லாம் மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டோம். காலையில் அவரவர் நிலையத்தில் அவரவர் இறங்கிப் போனார்கள். ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் அவன் மைதானத்துக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அவ்விரு நாட்களும் நம் மனத்தில் திரும்பத் திரும்ப வந்தது ஜகார்த்தா. பந்தாட்டப் பயிற்சியாளர் அனைவரும் அறிந்த கதைதான் அது. 1962ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டில் இந்திய அணி தன் முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் இரண்டு கோல் வாங்கித் தோற்றது. அணியின் பயிற்சியாளர் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம். பள்ளி ஆசிரியராக இருந்தவர். தோற்ற அணியை அவர் கைகழுவிவிடவில்லை. தலையில் காயம்பட்டுத் தையல் போட்டிருந்த பின்வரிசை வீரர் ஜர்னைல் சிங்கை முன்வரிசைக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். செப்டம்பர் 4ஆம் நாள் இறுதி ஆட்டத்தில், இந்தியர்மேல் சினம் கொண்டிருந்த பெருங்கூட்டத்தின் நடுவே, அதே தென் கொரியாவை 2-1 என்று வென்றது இந்தியா. ஒரு கோல் பி. கே. பானர்ஜி போட்டது, மற்றொன்று அந்த ஜர்னைல் சிங் போட்டது. புற்றுநோயால் நலிந்திருந்த ரஹீம் மறு ஆண்டு ஜூன் மாதம் காலமானார்.

அந்தப் பதக்கத்தை நாம் பலமுறை மாணவர்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறோம். முதல் தோல்விக்கும் இறுதி வெற்றிக்கும் இடைப்பட்ட நாட்களைப் பற்றி மட்டும் நாம் நினைத்துப் பார்த்ததே இல்லை. அடிபட்டவனை ஒதுக்காமல், அவனுக்குரிய இடம் எது என்று தேடியது அந்த நாட்களில்தான் அன்றோ? நாம் செய்தது என்ன? அடிபட்டவன் கதவருகே உட்கார்ந்திருக்க, மேல் படுக்கையில் கண்ணை மூடிக் கிடந்தோம்.

மூன்றாம் நாள் மாலை அந்தப் பையனின் வீட்டுக்குப் போனோம். அவன் தந்தை அப்போதுதான் சூளையிலிருந்து திரும்பியிருந்தார். கைகால் கழுவிவிட்டு வந்து, இருந்த ஒரே நாற்காலியை நமக்குப் போட்டுவிட்டுத் தாம் நின்றார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஸார், பந்தாட்டம் எனக்குத் தெரியாது. என் பையன் தப்புச் செய்திருந்தால் நாலு பேர் முன்னிலையில் நீங்கள் அவனைத் திட்டலாம். வண்டியில் தமிழன் தோற்கடித்தான் என்று பேசினார்களாம். அப்போது நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள் என்று பையன் சொன்னான். அப்படித்தானே ஸார்?" என்று கேட்டார்.

ஆம் என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். நம் மரியாதையும் குறைந்திராது. ஆனால் கதவுக்குப் பின்னால் நின்ற பையனின் முகம் தெரிந்தது. "இல்லை, அண்ணாச்சி. விழித்துத்தான் இருந்தேன்" என்றோம். அவர் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு உள்ளே திரும்பி, "ஸாருக்குக் காப்பி கொண்டு வா" என்றார். நம் வாழ்வில் அவ்வளவு தொண்டையை அடைத்த காப்பியை நாம் குடித்ததில்லை.

மறுநாள் அணி முழுவதையும் மைதானத்தில் உட்கார வைத்து, அந்த கோல் விழுந்த விதத்தை விளக்கினோம். "கோல்கீப்பர் சொன்னது சரி. இவன் கேட்டதும் சரி. ஒரே சொல்லை இரண்டு பொருளில் உங்கள் இருவருக்கும் கற்றுக் கொடுத்தவன் நான். தோற்றது என்னால். அதைவிடப் பெரிய தவறு, வண்டியில் பேசியதைக் கேட்டும் கேளாதவன்போல் கிடந்தது" என்றோம். ஒருவரும் தலை நிமிரவில்லை. பின் கோல்கீப்பர் எழுந்துபோய் அந்தப் பையன் பக்கத்தில் உட்கார்ந்தான். வண்டியில் பேசியவர்களில் அவனும் ஒருவன் என்பது நமக்குத் தெரியும்.

அதன் பிறகு ஒரு கரும்பலகையைக் கொண்டுவரச் சொன்னோம். இரண்டு மொழியிலும் ஒரே பொருள் தரும் சொற்களை மட்டும் மைதானத்தில் பயன்படுத்துவது என்று முடிவாயிற்று. பையன்களே ஒவ்வொன்றாகச் சொன்னார்கள்: வா, போ, விடு, ஆள், பின். எத்தனை சொற்கள் பொதுவாக இருக்கின்றன என்று அவர்களே வியந்தார்கள். 'மாறு' என்பதை எழுதி அதன்மேல் கோடு இழுத்தார்கள். கோல்கீப்பர் பந்துக்கு வரும்போது 'கீப்பர்' என்று மட்டும் கூவ வேண்டும் என்று தீர்மானித்தார்கள். பதினைந்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் ஒரு பருவத்தையே கடத்தியிருந்தோம்.

இவ்விடத்தில் இன்னொருவரையும் நினைத்துக்கொள்கிறோம். சைமன் சுந்தர்ராஜ் என்னும் தமிழர் 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடினார். பெரு நாட்டிடம் இந்தியா 3-1 என்று தோற்ற ஆட்டத்தில் அந்த ஒற்றை கோலைப் போட்டவர் அவர். அதற்குப் பின் இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்கில் ஆடவே இல்லை. ஆகவே தோற்ற ஆட்டத்தில் விழுந்த அந்த கோலே இன்றுவரை இந்தியாவின் கடைசி ஒலிம்பிக் கோலாக நிற்கிறது. அதே சைமன் சுந்தர்ராஜ் 1973ஆம் ஆண்டு கேரள அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார். அவ்வாண்டு எர்ணாகுளத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில், தலைவர் மணி மூன்று கோல்களும் போட, ரயில்வே அணியை 3-2 என்று வென்று கேரளம் முதல் முறையாகச் சந்தோஷ் கோப்பையைப் பெற்றது. மலையாளிகளின் முதல் கோப்பைக்குப் பின்னே ஒரு தமிழ்ப் பயிற்சியாளர் இருந்தார் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொன்னோம். வென்றபோது எந்த மொழிக்காரன் என்று யாரும் கேட்பதில்லை. தோற்றால்தான் கேட்கத் தோன்றுகிறது.

பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளியிலும் மைதானத்திலும் வேலைத்தலத்திலும் இதைச் சந்திக்கிறார்கள். குற்றம் யாருடையது என்று ஆராய்வதற்கு முன்பே, அருகில் நிற்கும் அயலான் தோளில் அது ஏறிவிடுகிறது. அதைப் பிள்ளை வீட்டில் வந்து சொல்லாமலும் இருக்கலாம். பெற்றோர் கேட்க வேண்டும். அந்தத் தந்தை கேட்டதுபோல், பொறுப்பில் உள்ளவரிடம் மரியாதையாகவும் நேராகவும் கேட்க வேண்டும். பொறுப்பில் உள்ளவர்கள் தூங்குவதுபோல் பாசாங்கு செய்யக் கூடாது. இதை நமக்கே முதலில் சொல்லிக்கொள்கிறோம்.

அடுத்த பந்தயத்தில் நாம் கோப்பை வாங்கவில்லை. கொல்லத்துக்கு அப்பால் ஓர் ஊரில் ஆடிச் சமநிலையில் முடித்து, புள்ளிக் கணக்கில் பின்தங்கித் திரும்பினோம். ஆனால் அந்த ஆட்டத்தில் ஒரு முறை பந்து உயர்ந்து வந்தது. "கீப்பர்!" என்று ஒரு குரல் எழுந்தது. அந்தப் பையன் சட்டென்று விலகி வழிவிட்டான். பந்து கோல்கீப்பர் கைக்குள் பத்திரமாக அடங்கியது. திரும்பும் வண்டியில் பையன்கள் பொட்டலங்களைப் பிரித்துப் பங்கிட்டு உண்டார்கள். வெள்ளம் என்று ஒருவன் கேட்க, தண்ணீர்ப் புட்டியை எடுத்து நீட்டியவன் அவன்தான். அன்று நாம் உண்மையாகவே தூங்கினோம்.