வக்கீலின் வாசிப்பு

இலக்கிய விமர்சனத்தைக் கறாராகச் செய்கிறவர்களைத் தேடிப் போனால் பதிப்புரிமை வழக்கு நடத்தும் வக்கீல்களிடம்தான் போய்ச் சேர வேண்டியிருக்கும் என்று எனக்குச் சில காலமாகத் தோன்றிக்கொண்டிருக்கிறது. இவர் கதை அவர் கதை மாதிரி இருக்கிறது என்று டீக்கடையில் சொல்லிவிட்டு நாம் எழுந்து போய்விடுகிறோம். வக்கீல் அதை நிரூபித்தாக வேண்டும். எதிர்த்தரப்பில் இன்னொருவர் அதை மறுத்தாக வேண்டும். அந்த வாசிப்பின் முடிவில் ஒருவனுடைய உழைப்பு அவனுடையதாகிறது, அல்லது இல்லாமற் போகிறது.

மலைக்கோட்டைத் தெப்பக்குளத்தருகே ஆபீஸ் வைத்திருக்கும் வக்கீல் ஒருவர் என் நண்பர். சென்னை உயர்நீதிமன்றத்தில் சினிமா வழக்குகள் நடத்திய ஒரு சீனியரிடம் ஜூனியராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். இங்கே பாகப்பிரிவினையும் வாடகைத் தகராறும்தான் அவருக்குச் சோறு போடுகின்றன. ஆனாலும் 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 62ஆம் பிரிவைப் பாசுரம் போல் ஒப்பிப்பார். எழுதியவன் தான் குடியிருக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம் என்கிறது அந்தப் பிரிவு. படம் எடுத்தவரைத் தேடிக்கொண்டு பட்டணம் போக வேண்டியதில்லை. ஸ்ரீரங்கத்துக்காரன் டவுன் பஸ் பிடித்துக் கன்டோன்மென்ட் கோர்ட்டுக்குப் போனால் போதும்.

சென்ற வருஷம் அவர் ஒரு சிறுகதையையும், அதிலிருந்து எடுத்ததாகச் சொல்லப்பட்ட ஒரு படத்தின் வசனப் பிரதியையும் என்னிடம் கொடுத்தார். ஒற்றுமை என்று தோன்றுவதையெல்லாம் விடாமல் எழுதித் தரச் சொன்னார். இரண்டு பத்தியாகக் கோடு போட்டு மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். பென்சிலை எடுத்து ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டே வந்தார். கரு ஒன்று, சோகம் ஒன்று, முதுமையின் தனிமை ஒன்று, எல்லாம் போயிற்று. ‘இதெல்லாம் ஊர்ப்பொது ஸார். மனசு நெகிழ்ந்ததை எக்ஸிபிட்டா மார்க் பண்ண முடியாது’ என்றார். மிஞ்சியவை நாலு: சம்பவங்கள் வரும் வரிசை, கிழவரின் விசித்திரமான ஒரு பழக்கம், இரண்டு உரையாடல்கள்.

அந்தப் பென்சிலுக்குப் பின்னால் இருப்பது உச்ச நீதிமன்றத்தின் 1978ஆம் வருஷத்துத் தீர்ப்பு, ஆர்.ஜி. ஆனந்த் எதிர் டீலக்ஸ் பிலிம்ஸ். ஆனந்துக்குத் தொழில் கட்டடக் கலை, நாடகமும் எழுதினார். அவருடைய ‘ஹம் ஹிந்துஸ்தானி’ 1954இல் டில்லியில் மேடையேறியது. ஒரு பஞ்சாபிக் குடும்பம், ஒரு மதராஸிக் குடும்பம், நடுவே ஒரு காதல். படமாக்கும் பேச்சு வந்தபோது மோகன் சேகலுக்கு ஆனந்தே நாடகம் முழுவதையும் சொல்லியிருக்கிறார். 1956இல் சேகலின் ‘நியூ டெல்லி’ வெளிவந்தது. அதிலும் பஞ்சாபி, மதராஸி, காதல். ஆனந்த் வழக்குப் போட்டு மூன்று கோர்ட்டிலும் தோற்றார். உச்ச நீதிமன்ற நீதிபதிகள் படத்தையே பார்த்துவிட்டுத்தான் தீர்ப்பு எழுதினார்கள். கருத்து, விஷயம், கதைப்பின்னல், சரித்திரச் செய்தி இவற்றில் யாருக்கும் உரிமை கிடையாது. அவற்றை ஒருவன் வெளிப்படுத்திய உருவத்திலும் அமைப்பிலும்தான் உரிமை என்று நீதிபதி பஸல் அலி விதி வகுத்தார்.

உருவமா உள்ளடக்கமா என்று சிறுபத்திரிகைகளில் எத்தனை பக்கங்கள் வீணாகியிருக்கின்றன! கோர்ட் உருவத்தின் பக்கம் சொல்லிவிட்டது. இதில் எனக்குச் சந்தோஷம் உண்டு, உறுத்தலும் உண்டு. இரண்டையும் பார்த்த ஒருவனுக்கு, பின்னது முன்னதன் நகல் என்ற சந்தேகமற்ற எண்ணம் ஏற்பட வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு வைத்த உரைகல். அந்த ஒருவன் யார்? அவனுடைய ரசனை என்ன? அதே பெஞ்சில் இருந்த நீதிபதி பாடக்குக்கும் தயக்கம் இருந்தது. எடுப்பவன் தன் படைப்பின் பரப்பை விரித்து, பொதுவாக உள்ள இடங்களிலும் மாற்றங்களைச் செய்து, எடுத்ததை மறைத்துவிட முடியும் என்று அவர் எழுதினார். கீழ்க்கோர்ட்டுகள் இரண்டும் ஒரே முடிவுக்கு வந்திராவிட்டால் தாம் மாறுபட்டிருக்கக்கூடும் என்றும் குறிப்பால் சொன்னார். நான் படித்த விமர்சனங்களில் இந்தப் பத்திக்கு ஓர் இடம் உண்டு.

உருவம் உன்னுடையது என்று நிரூபித்துவிட்டாலும், உரிமை உன்னிடம் தங்க வேண்டும் என்பதில்லை. சினிமாவுக்காகக் கூலி பெற்று எழுதிய பாட்டுக்கும் போட்ட மெட்டுக்கும், மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி கிருஷ்ணய்யர் உடன்பட்டார். ஆனால் கலைஞர்களுக்காக ஒரு பின்குறிப்பு எழுதி, பார்லிமென்டின் கவனத்துக்கு விட்டார். பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் சமபங்கு, அதை எழுதிக் கொடுத்தாலும் செல்லாது என்ற திருத்தம் 2012இல்தான் வந்தது. முப்பத்தைந்து வருஷம். ஐம்பது வருஷத்துக்கும் மேல் சினிமாவுக்குப் பாட்டெழுதிய ஸ்ரீரங்கத்து வாலி அதற்கு மறுவருஷம் காலமானார்.

வங்கியில் கையெழுத்தை ஒப்பிடுவது என் பிழைப்பு. மாதிரிக் கையெழுத்து திரையில் இருக்கிறது. பொருந்தாத செக்கைத் திருப்பி அனுப்ப ஒரு நிமிஷம் போதும். கதைக்கு மாதிரிக் கையெழுத்து அதன் அமைப்பும் நடையும். அதை இன்னது என்று அடையாளம் கண்டு எழுதி வைத்திருக்க வேண்டியது விமர்சனத்தின் வேலை. நாமோ ‘உருக்கமான கதை’ என்று எழுதிவிட்டு நகர்கிறோம். பிறகு ஒரு நாள் வக்கீல் பென்சிலோடு வரும்போது அடிக்கப்படும் முதல் வரி அதுதான்.

அந்தச் சிறுகதையை எழுதியவர் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பணம் வேண்டாம், பெயரைப் போட்டால் போதும் என்கிறார். உரிமையை விற்றவனுக்குக்கூட இன்னார் எழுதியது என்று கேட்கும் உரிமை உண்டு என்று அதே சட்டத்தின் 57ஆம் பிரிவு சொல்கிறது. அந்த நாலு அம்சங்களையும் போட்டு நோட்டீஸ் போயிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.