அப்பாயியின் சுருக்குப்பையும் நான் எழுதிய தலைப்பும்

“உங்க வீட்ல இந்த 5 ரூபாய் காயின் இருக்கா? நீங்கதான் லட்சாதிபதி!”

இப்படியொரு தலைப்பை நீங்களும் போனில் பார்த்திருப்பீர்கள். அதில் ஒன்றை எழுதியவள் நான். முதலில் வேலை பார்த்த ஓர் இணையதளத்தில், யாரோ போட்ட வீடியோவைப் பார்த்து இருபதே நிமிடத்தில் எழுதிக் கொடுத்தேன். வைஷ்ணோதேவி படம் போட்ட நாணயம் லட்சக்கணக்கில் விலை போகிறது என்று செய்தி. யார் வாங்கினார், எங்கே வாங்கினார் என்று நான் கேட்கவில்லை. அன்று எங்கள் தளத்தில் அதிகம் பேர் படித்தது அதைத்தான்.

ஆண்டிமடத்தில் இருக்கும் என் சித்தப்பாவும் படித்தார். “நம்ம பாப்பா எழுதுனது” என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பெருமையாகப் போட்டார். நானும் கைகூப்பி ஒரு இமோஜி போட்டேன்.

மூன்று வாரம் கழித்து அப்பாயி போன் பண்ணியது. “பாப்பா, காசு எப்ப வரும்?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. விசாரித்தால், சித்தப்பா யூடியூபில் ஒரு நம்பரைப் பிடித்திருக்கிறார். அப்பாயியின் சுருக்குப்பையில் இருந்த காசுகளைப் போட்டோ எடுத்து அனுப்ப, “மொத்தம் 12 லட்சம்” என்றிருக்கிறார்கள். பதிவுக் கட்டணம் 1,150 ரூபாய். அப்புறம் ஜிஎஸ்டி 7,500. ரிசர்வ் வங்கி முத்திரையோடு ஒரு கடிதமும் வந்திருக்கிறது. கட்டிய பணம், முந்திரிக்கொட்டை பொறுக்கி அப்பாயி சேர்த்து வைத்திருந்த கூலி. அதன் பிறகு அந்த நம்பர் எடுக்கவே இல்லை.

இப்படி நடக்கிறது என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட்டிலேயே எச்சரித்திருந்தது. பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கும் வேலையில் தான் இல்லை, அதற்காக யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று அறிக்கையே விட்டது. எழுதும் முன் ஒரு முறை தேடியிருந்தால் என் கண்ணில் பட்டிருக்கும்.

சுருக்குப்பையோடு அப்பாயியைத் திருச்சிக்கு அழைத்துப் போனேன். நாணயங்கள் வாங்கி விற்கும் பெரியவர் ஒருவர், லென்ஸும் காந்தமும் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

வைஷ்ணோதேவி 5 ரூபாய்: புழக்கத்துக்காக நிறைய அச்சிட்டது. கடையில் கொடுத்தால் 5 ரூபாய்க்குச் செல்லும்.

ராமர் பட்டாபிஷேகமும் 1818 என்ற வருடமும் உள்ள செப்புக்காசு: சித்தப்பா பெரிதாக நம்பியது இதைத்தான். கிழக்கிந்திய கம்பெனி அப்படியொரு காசை அடிக்கவே இல்லை. பிற்காலத்தில் யாரோ செய்து விற்றது.

ஓட்டைக் காலணா இரண்டு: போர்க்காலத்தில் உலோகத்தை மிச்சம் பிடிக்க, 1943 முதல் நடுவில் ஓட்டை போட்டு அடித்தார்கள். ஏராளமாகக் கிடைப்பதால் விலை இல்லை.

ஆறாம் ஜார்ஜ் படம் போட்ட 1942-ம் வருட ரூபாய்: காந்தத்தில் ஒட்டவில்லை. எடை 11.66 கிராமுக்குச் சற்றுக் குறைவு. “இதுல 39-ன்னு இருந்தா நானே எழுந்து நின்னிருப்பேம்மா” என்றார். 1939-ம் வருட வெள்ளி ரூபாய் அவ்வளவு அபூர்வம். 1940 முதல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். ஆனாலும் அந்தப் பாதி வெள்ளிக்கு விலை உண்டு. அப்பாயியின் பையில் காசு பெறுவது அது ஒன்றுதான்.

“பழசுங்கிறதுக்காக விலை வராது. எத்தனை அடிச்சாங்க, இப்ப எத்தனை மிச்சம் இருக்கு, எவ்வளவு தேயாம இருக்கு, இதுதான் கணக்கு” என்றார். வருடத்துக்குக் கீழே இருக்கும் சின்னத்தையும் பார்க்கச் சொன்னார். வைரம் என்றால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றுமில்லை என்றால் கொல்கத்தா. ஒரே வருடத்துக் காசிலும் ஒரு சாலையில் அடித்தது மட்டும் அரிதாக இருக்கலாம். அப்பாயி விபூதி போட்டுத் தேய்த்திருந்த பளபளப்பைப் பார்த்து, “இனிமே கழுவாதீங்கம்மா, மதிப்பு போயிடும்” என்றார்.

ஊர் கேட்டதும் இன்னொன்றும் சொன்னார். எங்களுக்குப் பக்கம்தான் கங்கைகொண்ட சோழபுரம். நிலத்தைத் தோண்டும்போது சோழர் காசு கிடைத்தால் விற்கக் கூடாது. 1878-ம் வருடப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

1930-க்கு போன் போட்டுப் புகார் கொடுத்திருக்கிறோம். இதை எழுதும் வரை பணம் திரும்பவில்லை. அந்த 8,650 ரூபாயை என் சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அப்பாயி முதலில் வாங்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஓட்டைக் காலணா ஒன்றை எடுத்து என் கையில் வைத்தது. “சின்னப் புள்ளையில இதைக் குடுத்தா மடி நெறைய பொரி அளப்பாங்க. நீ வெச்சுக்க.” கொஞ்ச நேரம் கழித்து, “ஏன் பாப்பா, அவங்க சொன்னதை நீ போய்ப் பார்த்துட்டா எழுதுன?” என்றது.

இல்லை என்று சொன்னேன்.

“அப்ப இதை எழுது. இது நீ பார்த்ததுதானே.”