மூலையில் முட்டி நிற்கும் கரை

பழைய முஸல்லாக்களின் படம் பார்ப்பது எனக்கொரு பைத்தியம். கொரோனா முடக்கத்தில் தொடங்கினது, இன்னும் விடவில்லை. மியூசியங்களின் இணையத்தளங்களில் ராத்திரி ஒரு மணி வரைக்கும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அடிப்படை ஒன்றுதான். ஒரு மிஹ்ராப் வளைவு, சுற்றிவரக் கரை. ஆனால் துருக்கியில் ஊருக்கு ஊர் அது மாறும். லாதிக்கில் நெய்ததென்றால் நீளக் காம்போடு வரிசையாக டியூலிப் பூக்கள். மிலாஸில் வளைவு கழுத்துப் பக்கம் ஒடுங்கும். ஈரான், ஆப்கான் எல்லைப் பக்கத்துப் பலூச்சி விரிப்பில் வளைவு வளையவே வளையாது, சதுரமாக நிற்கும். ஒட்டக நிறத் தரையில் ஒரு மரம்.

எனக்குப் பிடித்தது கோர்தெஸ். நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் மியூசியத்தில் 16ஆம் நூற்றாண்டு ஒட்டோமன் விரிப்பொன்று இருக்கிறது: மூன்று வளைவு, தூண்கள், நடுவில் தொங்கும் விளக்கு. அரசவைக்கென வரைந்த இப்படியான மாதிரிகளை ஊர்த் தறிகள் பார்த்துப் பார்த்து நெய்ய, காலம் போகப்போக தூண் மெலிந்து பூப்பட்டியாகிவிட்டது, விளக்கு பூங்கொத்தாகிவிட்டது. கூரையைத் தாங்காத தூண்! எனக்கு அதுதான் வடிவு.

போன மாதம் 19ஆம் நூற்றாண்டு ஊர் விரிப்பொன்றை உம்மும்மாவுக்குக் காட்டினேன். அவ நாற்பது வருஷம் பன்பாய் இழைச்சவ. விரிப்பிலுள்ள பிழையைக் காட்டி, 'இறைவன் மட்டுமே குறையில்லாதவன் என்று வேணுமென்டே விட்டது' என்று வியாபாரிகள் சொல்லும் கதையைச் சொல்ல வாயெடுத்தேன். அவ முந்திக்கொண்டா.

"கரை மூலையில முட்டி, பூ பாதியில வெட்டுப்பட்டு நிக்கி. படம் வெச்சி நெய்யல்ல புள்ள, மனசில வெச்சி நெய்திருக்கா. இந்தா, இதுல சிவப்பு மாறுது. சாயம் முடிஞ்சி திரும்பக் காய்ச்சியிருக்கா."

இதை விளங்கிக்கொள்ள நான் எத்தனை கட்டுரை படித்தேன் தெரியுமா?

"ஆர் நெய்தது?"

கீழே தேடினேன். மேற்கு அனத்தோலியா, நூற்றாண்டு, நீள அகலம், அன்பளிப்புச் செய்தவரின் பெயர், கொடுத்த வருஷம்.

"வாங்கினவன்ட பேரா போட்டிருக்கி?" என்று சிரித்தா. அவ இழைத்த பாய்களும் கடைக்காரரின் பெயரில்தான் விலைப்பட்டன.

அறையில் சுருட்டி வைத்திருந்த பாயை விரித்தேன். இத்தனை வருஷம் படுத்த பாய். பாதிக்கு மேல் அதிலும் சிவப்பு வெளிறுகிறது. கேட்டேன்.

"அது உன்ட தம்பிக்குக் கொப்புளிப்பான் வந்த கிழமை. மிச்சச் சாயம் வேற கடையில வாங்கின."

அந்த இடத்தைப் படமெடுத்து, கீழே அவவின் பெயரையும் ஊரையும் கொப்புளிப்பானையும் எழுதி வைத்திருக்கிறேன். வருஷம் அவவுக்கு ஞாபகமில்லை. உம்மாவிடம் கேட்க வேண்டும்.