பெரட்டுக்கு முந்திய கால் மணி

குடும்ப ஆலோசனை என்றால் மேசை, இரண்டு நாற்காலி, சாத்திய கதவு என்று பயிற்சி வகுப்பில் சொல்லித் தந்தார்கள். எனக்குக் கிடைத்தது பிள்ளைக்காம்பரா வாசல், வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளையை விட்டுப்போகிற இடம். படங்கைக் கட்டிக்கொண்டு, கூடையைச் சுவரில் சாய்த்து, பிள்ளையை என் கையில் தந்துவிட்டு, ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஓடுகிற தாயிடம் ஒரு வசனம் சொல்லலாம். இரண்டாவது வசனத்துக்குள் அவர் படியிறங்கியிருப்பார். அந்த ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் இந்த வேலையில் பாதி.

கினிகத்தேனைப் பக்கத்துத் தோட்டமொன்றில் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் நான். லயத்தில் எல்லோருக்கும் ‘டீச்சர்’. பிள்ளை பார்ப்பதற்காகத்தான் என்னை வைத்திருக்கிறார்கள். ஆனால் பிள்ளையோடு சேர்ந்து வீடே வாசலுக்கு வந்துவிடுகிறது: மாமியார் சண்டை, சீட்டுக் கடன், பதியாத பிறப்பு, குடிக்கிற புருஷன், ஈரம் காயாத துணி. மே மாதம் மழை பிடித்தால் எங்கள் பக்கம் சூரியனைப் பார்க்க நாளாகும். பிள்ளையின் துணியை அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போடுகிறார்கள், காய்ந்த துணியில் புகை, புகையோடு இருமல். இதற்கு நான் கண்ட மருந்து, பிள்ளைக்காம்பரா கூரைக்குக் கீழே நீளமாக ஒரு கொடி. வீட்டில் அலசிய துணியைத் தாய் காலையில் கொண்டுவந்து போடுவார், சாயந்தரம் பிள்ளையோடு எடுத்துப் போவார். ‘புகை நெஞ்சுக்குக் கூடாது’ என்று எவரிடமும் நான் சொன்னதில்லை.

2016ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் இலங்கை முழுவதிலும் 17 வீதம், தோட்டப்புறத்தில் 32 வீதம். இந்தக் கணக்கைத் திரையில் காட்டும் கூட்டங்களில், தாய்மாருக்கு அறிவூட்ட வேண்டும் என்று யாராவது எழுந்து சொல்வார்கள். எனக்கு எரிச்சல் வரும். எங்கள் தாய்மாருக்குத் தெரியாதது குறைவு, முடியாததுதான் அதிகம். தெரிந்ததைச் செய்ய நேரம் இல்லை. நேரம் இருந்தாலும் வீட்டில் முடிவெடுக்கிற வாய் அவர்களுடையது இல்லை.

பால் கொடுக்கிற விஷயத்தையே எடுத்துக்கொள்ளலாம். பிரசவ லீவு 84 நாள். முன்பு மூன்றாவது பிள்ளைக்கு அதில் பாதிதான் இருந்தது, 2018இல் சட்டத்தைத் திருத்தி எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றாக்கினார்கள். கிளினிக்கில் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்கிறார்கள். நடுவில் விழுகிற மூன்று மாதத்தில்தான் பால்மாவும் சாயத்தண்ணியும் பிள்ளையின் வாய்க்குப் போகின்றன. பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை வேலை நேரத்தில் இரண்டு தடவை பால் கொடுக்க நேரம் தரவேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. பிள்ளைக்காம்பரா இருந்தால் தடவைக்கு அரை மணி, இல்லாவிட்டால் ஒரு மணி. பிள்ளைக்காம்பரா கீழே ஆற்றோரம் இருக்கிறது, அன்றைக்குக் கொழுந்து மேல் மலையில். இறங்கவே இருபது நிமிடம், ஏற அதைவிடக் கூட. அந்த அரை மணியை வைத்துக்கொண்டு தாய் என்ன செய்வார்?

தாய்ப்பாலின் அருமையை அவருக்குப் பாடம் எடுப்பதில் பயனில்லை. நான் பேசுவது கங்காணியிடம். “அண்ணே, இவ புள்ளைக்கு நாலு மாசம். ஆறு முடியிற வரைக்கும் கீழ் மலையில நெரை போட்டுக் குடுங்க.” முதலில் முணுமுணுப்பார். “எல்லாரும் கீழ் மலை கேட்டா நான் என்ன டீச்சர் செய்யிறது?” புள்ள வயிறு நிறைஞ்சு தூங்கினா அவளுக்கு மனசு கொழுந்தில் இருக்கும், நிறுக்கிற நேரத்தில நீங்களே பாருங்க என்பேன். அவருக்கு விளங்குகிற கணக்கு அது.

கீழ் மலை கிடைக்காத வாரங்களுக்குப் பாலைப் பீச்சி வைக்கக் கற்றுக்கொடுக்கிறேன். காம்பைப் பிடித்து இழுத்தால் வலிதான் வரும். கறுப்பு வட்டத்தின் ஓரத்தில் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் எதிரெதிரே இருக்க வேண்டும். முதலில் நெஞ்சுப் பக்கம் அழுத்தம், பிறகுதான் விரல்கள் சேர வேண்டும். கைகளைச் சுடுதண்ணியில் நனைத்த துணியால் ஒற்றிக்கொண்டு தொடங்கினால் நல்லது, ஐந்து மணிக் குளிரில் விறைத்த விரலுக்குப் பால் இறங்காது. கொதிநீரில் கழுவிய எவர்சில்வர் டம்ளர், மூடி, அதோடு பீச்சிய பால் நாலு மணி நேரம் தாங்கும் என்ற கணக்கு. புட்டி வேண்டாம், கழுவுகிறதில்தான் வயிற்றோட்டம் வருகிறது. சின்னக் கோப்பையின் விளிம்பைக் கீழுதட்டில் வைத்தால் பிள்ளை தானே உறிஞ்சும். இதை வாசலில் ஒரு வசனத்தில் சொல்ல முடியாது. லீவு முடிவதற்கு முந்திய வாரம், பகலில் லயத்துக்குப் போகிறேன். மாமியாரும் இருக்கிற நேரமாகப் பார்த்துத்தான்.

மாமியாரை விட்டுவிட்டு மருமகளிடம் மட்டும் பேசுவதைப் போன்ற வீண் வேலை இந்தத் தொழிலில் வேறில்லை. பகலில் அடுப்பு அவர் கையில். ரொட்டியைச் சாயத்தண்ணியில் தோய்த்துப் பேரனுக்கு ஊட்டுகிறவர் அவர். சாப்பாட்டோடு தேயிலைச் சாயம் போனால் உணவில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. உண்மைதான். ஆனால் தேயிலையிலேயே வாழ்ந்து முடித்தவரிடம் தேத்தண்ணி கூடாது என்று தொடங்கினால் அன்றோடு எனக்கு அந்தக் காம்பராவில் வேலை முடிந்தது. பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டை எடுத்து நிறைக் கோட்டைக் காட்டுவேன். எழுத்து வாசிக்காதவருக்கும் பச்சை, செம்மஞ்சள், சிவப்பு விளங்கும். “அம்மாயி, போன மாசம் இந்தப் பச்சையில இருந்தான், இப்ப கீழ வந்துட்டான். என்ன செய்யலாம்?” கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும், அதுதான் கஷ்டம். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொல்வார், நெத்தலியை வறுத்து இடித்துச் சோத்துல போடவா என்று. கிளினிக்கில் சொல்கிறதும் அதே நெத்தலித் தூள்தான். அவர் வாயிலிருந்து வந்தால் நாளைக்கும் நடக்கும். சாயத்தண்ணியைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிவைக்கிற பேச்சு அடுத்த மாத நிறுவைக்கு.

கிளினிக்கில் தருகிற சத்துமா, திரிபோஷவும் இப்படித்தான். பிள்ளைக்கு வருகிற பக்கற்றை வீட்டில் எல்லோரும் பங்கிடுகிறார்கள் என்று அதிகாரிகள் குறை சொல்வார்கள். நாலு பிள்ளைகள் பார்த்திருக்க ஒன்றுக்கு மட்டும் எந்தத் தாய் ஊட்டுவார்? பக்கற்றைப் பிள்ளைக்காம்பராவில் தந்துவிடச் சொல்கிறேன். தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்து உருண்டை பிடித்து இங்கேயே கொடுத்துவிடுகிறோம். 2022 பொருளாதார நெருக்கடியில் திரிபோஷ வராமல் போனபோது பயறும் குரக்கன் மாவும் வைத்து ஒப்பேற்றினோம். அவையும் விலை ஏறியிருந்தன.

பணப் பேச்சு சம்பளத்துக்கு மறுநாள் வரும். கடன் எவ்வளவு என்று நான் கேட்பதில்லை, பேசிலிப்பைக் கொண்டுவரச் சொல்கிறேன். சேமலாப நிதிக்கு 8 வீதம், சங்கச் சந்தா, எடுத்த தேயிலைத் தூள், கோயில் பணம், தீபாவளி அட்வான்ஸ் தவணை என்று ஒவ்வொரு வரியாக விரல் வைத்துச் சேர்ந்து வாசிக்கிறோம். பல வருடம் கையெழுத்துப் போட்டு வாங்கியவர்கள், கழிவுகளை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கூட்டிப் பார்ப்பார்கள். பேசிலிப்பில் வராத கிழமைக் கடன்களைப் பின்பக்கம் எழுதுவோம். வட்டி கூடியதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. புருஷனைத் திருத்துகிற வேலைக்கு நான் போவதில்லை. சம்பளத்தன்று சாயந்தரத்துக்குள் அரிசி, மா, பிள்ளைச் செலவு மூன்றையும் வாங்கி முடித்துவிடுங்கள் என்பதுதான் என் ஒரு வசனம்.

தாய் வெளிநாட்டிலும் பிள்ளை பாட்டியிடமுமாக இருக்கிற வீடுகள் எங்கள் டிவிசனிலும் உண்டு. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் வீட்டு வேலைக்குப் போக முடியாது என்று 2013இல் கட்டுப்பாடு வந்தது, 2022இல் அந்த வயதை இரண்டாகக் குறைத்தார்கள். சரியா பிழையா என்று நான் வாதாடுவதில்லை, போகிறவர் போய்விடுகிறார். நான் பார்ப்பது போன் நேரத்தை. குவைத் எங்களுக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே வேலை முடிந்து அவர் போனை எடுக்கும்போது இங்கே நடுச்சாமம். தூக்கத்தில் எழுப்பிய பிள்ளை அழும், தாயும் அழுவார், பாட்டி போனைப் பிடுங்கி வைப்பார். காலை எட்டேகாலுக்கு என் போனுக்கு எடுக்கச் சொன்னேன். அங்கே ஆறு மணிக்குச் சற்று முன்பு, எஜமானி எழும்பியிருக்க மாட்டாள். ஐந்து நிமிடம், பிள்ளை வரைந்த படத்தைக் காட்டுவதற்கு. ‘அம்மா எப்ப வருவா’ என்பதைவிட ‘அம்மா இன்னைக்கு என்ன சமைச்சா’ என்று பேச்சு போனால் இரண்டு பக்கமும் தாங்குகிறது.

அடி விழுகிற வீட்டுக்கு வாசல் பேச்சு உதவாது. அன்றைக்குப் பிள்ளையை வாங்கிக்கொண்டு, “புள்ளைக்கு மேல் சுடுது, பகலைக்கு ஒரு தடவை வந்து பாருங்க” என்பேன். சூடு இருக்காது. அவர் வந்தால் பின்னறையில் உட்கார்ந்து பேசலாம். 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் நீதவான் பாதுகாப்புக் கட்டளை கொடுக்கலாம், பெண்களுக்கான உதவி எண் 1938க்குக் கோல் எடுக்கலாம், பிள்ளைக்கு ஆபத்தென்றால் சிறுவர் உதவி எண் 1929. பலருக்கு வழக்கு வேண்டாம், இன்றிரவு எங்கே படுப்பது என்பதுதான் கேள்வி. எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது, அடையாள அட்டையும் பிள்ளையின் பதிவேடும் எந்தப் பையில் இருக்க வேண்டும் என்பதை முதலில் பேசிவைத்துக்கொள்கிறோம். சமாதானம் பேச ஆள் அனுப்புகிற வழக்கம் தோட்டத்தில் உண்டு. அந்தப் பெண் கேட்காமல் நான் அதைச் செய்வதில்லை, அனுப்பிய ஆளின் பேச்சுக்குக் கூலியை அன்றிரவு அடியாக வாங்குகிறவர் அந்தப் பெண்தான்.

மீதி வேலைகள் கினிகத்தேனை டவுனில், அம்பகமுவ பிரதேச செயலகத்தில். அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு முறையீடு, மூன்று மாதத்துக்குள் பதியாத பிள்ளைக்குக் காலங்கடந்த பிறப்புப் பதிவு, பெண்கள், சிறுவர் அலுவல் உத்தியோகத்தர்கள், உளவளத்துணை எல்லாம் அந்தக் கட்டடத்துக்குள் உண்டு. ஆனால் போகிற நாளில் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும், பஸ் காசும் போகும். ஆகவே இரண்டு மூன்று அலுவல்களைச் சேர்த்து ஒரே பயணமாக அனுப்புகிறேன். கையில் ஒரு துண்டு: என்ன வேலை, எந்த அறை, சிங்களத்தில் இரண்டு வரி. பத்திரங்கள் பொலித்தீன் உறையில், கொப்பி வேறு, ஒரிஜினல் வேறு. திரும்பி வந்தவரிடம் எந்த மேசையில் என்ன கேட்டார்கள், எது குறைந்தது என்று விசாரித்துக் கொப்பியில் எழுதிக்கொள்கிறேன். அடுத்த கிழமை போகிற வீட்டுக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் பையைக் கட்டிக் கொடுப்பேன்.