முத்துவுக்கு ஒரு வாய்க்கூடு

பெர்த் நகரில் அக்கா வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. டயர் காற்று, உதிரி டயர், குடிநீர், எரிவாயு, முதலுதவிப் பெட்டி, செயற்கைக்கோள் தொலைபேசி என நீண்ட பட்டியல். அத்தான் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, பேனாவால் அடையாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

ஜூன் பள்ளி விடுமுறைக்கு என்னையும் மகளையும் அக்கா அழைத்திருந்தார். பெர்த்திலிருந்து நல்லார்பர் சமவெளியைக் கடந்து அடிலெய்டுவரை கேரவன் பயணம். கிட்டத்தட்ட 2,700 கிலோமீட்டர். “முத்துவும் வருவான்” என்று அக்கா சொன்ன பிறகு, மகளுக்கு வேறு எந்த ஊரும் கண்ணில் படவில்லை.

முத்து, அக்காவின் நாய். ஆட்டு மந்தை மேய்க்கும் கெல்பி இனம், வயது 12. எங்கள் வீவக வீட்டில் நாய் வேண்டாம் என்று கணவர் சொல்லிவிட்டதால், பத்து வயது மகளுக்கு முத்துதான் சொந்த நாய் மாதிரி.

கேரவன் ஓடும்போது அதற்குள் யாரும் இருக்கக்கூடாது. அதனால் முத்துவும் எங்களோடு காரின் பின்னிருக்கையில், இடைவார் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவனுக்காக வண்டி நிற்கும். அவனுக்குத் தண்ணீர், எங்களுக்குத் தேநீர். மாலை மங்குவதற்குள் அத்தான் ஓட்டுவதை நிறுத்திவிடுவார். அது கங்காருக்கள் சாலைக்கு வரும் நேரம்.

முதல் பெரிய நிறுத்தம் நார்ஸ்மன். ஒரு குதிரையின் பெயரைத் தாங்கிய ஊர். 1894ஆம் ஆண்டில் கட்டிவைத்திருந்த குதிரை காலால் தரையைக் கிளற, தங்கம் வெளிப்பட்டதாம். குதிரைக்கு அங்கே சிலையும் உண்டு. “முத்துவும் மண்ணைத் தோண்டுகிறானே, ஒன்றும் கிடைக்கவில்லையே” என்றாள் மகள்.

அங்கிருந்து கிழக்கே ஏர் நெடுஞ்சாலை தொடங்குகிறது. பலடோனியாவைத் தாண்டியதும் 146.6 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூட இல்லாத நேர்ச்சாலை. துவாஸிலிருந்து சாங்கிவரை ஏறக்குறைய 50 கிலோமீட்டர் என்றால், அப்படி மூன்று சிங்கப்பூரை வரிசையாக வைத்ததுபோல. எதிரே வரும் ஓட்டுநர்கள் எல்லாரும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்கிறார்கள். சில இடங்களில் சாலையின்மீதே விமான ஓடுபாதைக் கோடுகள். யாருக்காவது உடல்நலம் மோசமானால் பறக்கும் மருத்துவர் சேவையின் விமானம் அங்கேயே இறங்கும். 1928 முதல் இயங்கும் சேவை அது.

“முத்துவுக்கு உடம்பு சரியில்லை என்றால்?” என்று மகள் கேட்டாள்.

“அவனுக்கு நாம்தான் மருத்துவர்” என்றார் அத்தான்.

வண்டியை விட்டு இறங்கும்போதெல்லாம் முத்துவின் வாயில் கம்பிக்கூடு ஒன்றை அக்கா மாட்டிவிடுவார். ஊரில் கதிரடிக்கும் மாட்டுக்கு வாய்க்கூடு போடுவார்களே, அதுபோல. மூச்சுவிடலாம், தண்ணீர் குடிக்கலாம், எதையும் கவ்வ முடியாது. முத்து காலால் அதைத் தட்டித்தட்டிப் பார்ப்பான். பார்க்கவே பாவமாக இருக்கும்.

அன்று மாலை அந்த நேர்ச்சாலை ஓரத்து ஓய்விடத்தில் தங்கினோம். அக்கா சமையலில், அத்தான் கேரவனை நிலைப்படுத்திக்கொண்டிருந்தார். “அம்மா, கொஞ்ச நேரம் கழற்றிவிடலாமா?” என்று மகள் கேட்டாள். “ஐந்து நிமிடம்தானே” என்றேன் நான்.

கூட்டைக் கழற்றியதுதான் தாமதம், முத்து புதருக்குள் ஓடினான். திரும்பி வரும்போது எதையோ மென்றுகொண்டிருந்தான்.

அக்கா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். வாயைத் திறந்து பார்ப்பதற்குள் பாதி உள்ளே போயிருந்தது.

அப்போதுதான் எனக்கு முழு விவரமும் தெரிந்தது. ஆட்டையும் கன்றையும் காப்பாற்ற, காட்டு நாய்களுக்கும் நரிகளுக்கும் இறைச்சித் துண்டில் நஞ்சு வைப்பது இப்பகுதிகளில் வழக்கம். ‘பத்து எண்பது’ என்று அந்த நஞ்சைச் சொல்கிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் சில செடிகளில் அது இயற்கையாகவே இருப்பதால், அங்குள்ள பல காட்டு உயிர்கள் அதைத் தாங்கிக்கொள்ளும். நாய்க்குச் சிறிதளவே போதும்; மாற்று மருந்து கிடையாது. நஞ்சு தின்று செத்த விலங்கின் உடலைத் தின்றாலும் ஆபத்துதான்.

அத்தான் செயற்கைக்கோள் தொலைபேசியில் பெர்த் விலங்கு மருத்துவரை அழைத்தார். பயணத்துக்கு முன்பே அவர் கொடுத்திருந்த மருந்தைக் கொடுத்து வாந்தியெடுக்க வைத்தோம். கங்காருத் தோலும் எலும்புத் துண்டும் வெளியே வந்தன. வண்டியில் அடிபட்டுச் செத்ததா, நஞ்சால் செத்ததா? யாருக்கும் தெரியாது. ஊளை, நிலைகொள்ளாத ஓட்டம், வலிப்பு ஏதாவது வருகிறதா என்று காலைவரை கவனிக்கச் சொன்னார் மருத்துவர்.

அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மகள் கேரவன் தரையில் முத்துவின் பக்கத்திலேயே படுத்துவிட்டாள். வெளியே நட்சத்திரங்கள் கொட்டிக் கிடந்தன. யாரும் பார்க்கப் போகவில்லை. முத்து காலை அசைத்தால் நான்கு பேரும் எழுந்து உட்கார்ந்தோம். நான் பாவம் பார்த்தது அவனுக்காகவா, அவன் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்ட எனக்காகவா என்று அந்த இரவில் பலமுறை யோசித்தேன்.

விடிந்தது. முத்து எழுந்து, சோம்பல் முறித்து, காலிக் கிண்ணத்தை மூக்கால் தள்ளிக்கொண்டு வந்தான். அக்கா அப்போதுதான் அழுதார்.

மற்றவை எல்லாம் நிம்மதியான நாள்கள். கைகூனாவுக்குக் கிழக்கே கடிகாரத்தை 45 நிமிடம் முன்னே தள்ளவேண்டும். அந்தச் சில சிற்றூர்களுக்கு மட்டும் அப்படியொரு தனி நேரம். ஹெட் ஆஃப் பைட் கடலோரத்தில் குட்டியுடன் நீந்திய திமிங்கிலங்களை முறைவைத்துப் பார்த்தோம். ஒருவர் எப்போதும் முத்துவுடன் நின்றோம். செடூனா சோதனைச்சாவடியில் பழம், காய்கறிகளைப் பறித்துவிடுவார்கள் என்று, மிச்சமிருந்த தக்காளியை எல்லாம் முதல்நாளே ரசமாக்கிவிட்டார் அக்கா.

நாயோடு இப்படிப் போக நினைப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் மூன்று விஷயங்கள் உண்டு. கோடையைத் தவிர்த்து, ஜூன் முதல் ஆகஸ்ட்வரையிலான குளிர்காலத்தில் போங்கள். தேசியப் பூங்காக்களில் பெரும்பாலும் நாய்க்கு அனுமதியில்லை. வழியை அதற்கேற்பத் திட்டமிடுங்கள். எச்சரிக்கைப் பலகை கண்ணில் படாவிட்டாலும் வாய்க்கூட்டைக் கழற்றாதீர்கள்.

அடிலெய்டு விமான நிலையத்தில் விடைபெறும்போது, திரும்பும் வழிக்கான பட்டியலை அத்தான் காட்டினார். எல்லா வரிகளுக்கும் மேலே, மகளின் கோணல் எழுத்தில் புதிதாக ஒரு வரி: ‘முத்து வாய்க்கூடு. ஐந்து நிமிடம்கூடக் கழற்றக்கூடாது.’