அத்தையின் பாட்டு

1978 தீபாவளிக்கு வந்த ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' படத்தில் மூன்றே பாடல்கள். இளையராஜா ஆர்ப்பாட்டமில்லாமல் அமைத்த மெல்லிசை. ஜேசுதாஸ் பாடியதும் கமல்ஹாசன் பாடியதும் ஊரறிந்தவை. எஸ். ஜானகி பாடியது அவ்வளவாகப் பேச்சில் வருவதில்லை. மூன்றில் பெண்குரல் அது ஒன்றுதான்.

தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டில் அதை முணுமுணுத்தவள் அத்தை. இலங்கை வானொலியில் கேட்டுப் பழகியது. புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தவள். ஓலைப்பெட்டி முடைந்துகொண்டே பாடுவாள். அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டால் நிறுத்திவிடுவாள். "அவ அப்படித்தான்" என்பார்கள் தெருவில். அது ஒரு படத்தின் பெயர் என்பது கல்லூரிக்குப் போன பிறகே எனக்குத் தெரியும்.

படத்தை முப்பது வயதில்தான் பார்த்தேன். ஆறுதலுக்கென்று நாம் கேட்கும் அந்த ஜேசுதாஸ் பாடல், மஞ்சுவோடு பழகிவிட்டுப் பெற்றோர் முன்னால் அவளைத் தங்கை என்று சொல்லிக் கைகழுவுகிற மனோவின் வாயில் வருகிறது. இத்தனை வருஷம் அவன் பாட்டிலா மனம் தேறினோம்! (இன்னும் கேட்கிறேன், அது வேறு.)

போன மாதம் ஜானகியின் பாடலை அத்தைக்குக் கைபேசியில் போட்டேன். ஓலையைக் கீழே வைத்தாள். வாசலில் அண்ணன் நின்றிருந்தான்.

"சத்தத்தைக் கொஞ்சம் கூட்டு தாயி" என்றாள்.