காய்வதற்கு ஒரு நாள்

எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் இரண்டு விமானங்கள் இருக்கின்றன. ஒன்று மஞ்சளித்து, சுருக்கங்கள் விழுந்து, பார்ப்பவர் முகம் சுளிக்கும் நிலையில் இருக்கிறது. மற்றொன்று வெண்மையும் செம்மையுமாகப் பளிச்சிடுகிறது. இரண்டும் ஒரே விமானத்தின் மாதிரிகள். இரண்டையும் செய்தவன் நானே. முன்னதைச் செய்தது 1990-ஆம் ஆண்டில். பின்னதைச் செய்தது சென்ற ஆண்டில். இடைப்பட்ட காலத்தில் நான் கற்றுக்கொண்டது மிகச் சிறிய பாடம். எனினும் நம் வீடுகள் பலவற்றுக்கு அது பயன்படக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

1979-இல் பிழைப்புத் தேடி பம்பாயிலிருந்து துபாய்க்குப் புறப்பட்டேன். ஏறியது ஏர் இந்தியாவின் போயிங் 747. அந்நாளில் அவ்விமானத்தின் ஒவ்வொரு சன்னலைச் சுற்றிலும் அரண்மனைச் சாளரம் போன்ற செந்நிற வளைவு தீட்டப்பட்டிருக்கும். வான்வெளியில் ஓர் அரண்மனை என்று விளம்பரம் செய்வார்கள். உள்ளே அமர்ந்திருந்த எங்களுக்கு அரண்மனை நினைவு வரவில்லை. விட்டுவந்த ஓட்டு வீடுதான் நினைவில் நின்றது.

ஈராண்டுக்கு ஒருமுறை நாற்பது நாள் விடுப்பு. என் மகனுக்கு வாப்பா என்றால் முதலில் அந்த விமானம், பிறகுதான் நான். சுவரில் கரித்துண்டால் அதை வரைந்து, சன்னல் வளைவுகளை எண்ணி எண்ணிப் போடுவான். அவனுக்கு எட்டு வயதானபோது துபாய்க் கடையொன்றில் அதே விமானத்தின் மாதிரிப் பெட்டியைக் கண்டேன். அசலின் 144-இல் ஒரு பங்கு அளவு. எழுபது மீட்டர் நீள விமானம், ஏறத்தாழ 49 சென்டிமீட்டரில் அடங்கியிருந்தது. இம்முறை இருவரும் சேர்ந்து செய்வோம் என்று கடிதத்தில் எழுதியும் விட்டேன்.

ஆனால் விடுப்பில் வந்தவனுக்கு நாட்கள் ஏது? தங்கை வீட்டுத் திருமணம், பத்திரப் பதிவு, கிணறு தூர்வாருதல், உறவினர் வீட்டு விருந்துகள். பெட்டியைப் பிரித்தபோது மூன்று நாட்களே எஞ்சியிருந்தன. பாகங்களை ஒட்டினோம். கையில் கிடைத்த பளபளப்பற்ற வெள்ளைப் பெயின்டை அடித்தோம். புறப்படுவதற்கு முந்தைய இரவு டெக்கால்களை எடுத்தேன். டெக்கால் என்பது தாளில் அச்சிடப்பட்ட மெல்லிய படலம். தாளை நீரில் ஊறவைத்தால் அடியிலுள்ள பசை கரைந்து, படலம் நழுவி வரும். அதை நழுவவிட்டு விமானத்தின்மீது பதிய வைக்க வேண்டும். பெயர், வாலிலுள்ள சின்னம், மகன் உயிராய் நினைத்த சன்னல் வளைவுகள் எல்லாம் அத்தாளில்தான் இருந்தன.

விளக்கொளியில் ஒட்டி முடித்தபோது படலத்தின் அடியில் ஆங்காங்கே வெள்ளிபோல் மினுமினுத்தது. வார்னிஷ் பூசினால் மறைந்துவிடும் என்று நினைத்து, ஈரம் காயுமுன்னே கதவுக்குப் பூச வைத்திருந்த வார்னிஷைத் தூரிகையால் தடிப்பாகப் பூசினேன். சற்று நேரத்தில் சன்னல் வளைவுகள் நெளிந்து சுருண்டன. வெள்ளை விமானம் மஞ்சளாயிற்று. மகன் அழவில்லை, குறை சொல்லவும் இல்லை. “பரவாயில்லை வாப்பா, நீங்கள் போய் வாருங்கள்” என்றான். எட்டு வயதுப் பிள்ளை வாப்பாவுக்கு ஆறுதல் சொல்லக் கற்றிருந்தான். அந்தச் சொல் துபாய்வரை என்னுடன் வந்தது.

2014-இல் ஊரோடு வந்து சேர்ந்தேன். இன்று மகன் ஷார்ஜாவில் இருக்கிறான். அவன் பிள்ளைக்கு வயது ஒன்பது. எங்கள் கடற்கரையூரில் தந்தையை வாப்பா என்றும் பாட்டனாரை அப்பா என்றும் அழைப்பது வழக்கம். சென்ற ஆண்டு மருமகள் பரணைச் சுத்தம் செய்தபோது, துணியில் சுற்றிய அந்த மஞ்சள் விமானம் கிடைத்தது. மகன் அதை எறியாமல் வைத்திருந்திருக்கிறான். “அப்பா, இதை ஏன் இப்படிச் செய்தீர்கள்?” என்று பேரன் கேட்டான். விடையாக இன்னொரு பெட்டியை வரவழைத்தேன்.

இம்முறை முறையை விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பளபளப்பற்ற பெயின்டின் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் உடையது. அதன்மீது டெக்காலைப் பதித்தால் பள்ளங்களில் காற்று சிறைப்படும். அக்காற்றே வெள்ளியாய் மினுக்கும். ஆகவே முதலில் பளபளப்பு வார்னிஷை மெல்லிதாகப் பூசித் தளத்தை வழவழப்பாக்க வேண்டும். அது நன்றாய்க் காய ஒரு நாளாவது விட வேண்டும். பிறகே டெக்கால். அதுவும் காய்ந்தபின், ஈரத்துணியால் பசைக்கறையைத் துடைத்துவிட்டு, காப்பாக மீண்டும் மெல்லிய வார்னிஷ். ஐப்பசி மழையின் ஈரக்காற்றில் வார்னிஷைத் தெளித்தால் வெண்புகைபோல் மங்கிவிடும் என்பதால், வெயில் நாளுக்காக ஒரு வாரம் காத்திருந்தோம்.

“அடியில் பூசும் வார்னிஷை யார் பார்க்கப் போகிறார்கள், அப்பா?” என்றான் பேரன்.

“நீ தொழுவதை எல்லாரும் பார்க்கிறார்கள். ஒளூச் செய்ததை யார் பார்த்தார்கள்? அது இல்லாவிட்டால் தொழுகை கூடுமா?” என்றேன்.

சிறிது யோசித்துவிட்டு, மறு பேச்சின்றித் தூரிகையை எடுத்துக்கொண்டான்.

அஸருக்கும் மஃரிபுக்கும் இடையிலான நேரத்தை இதற்கென ஒதுக்கினோம். நீண்ட சன்னல் வரிசையை ஒரே துண்டாக ஒட்டினால் முறுக்கிக்கொள்ளும். எனவே கதவுகள் வரும் இடங்களில் மூன்றாக வெட்டினோம். வெதுவெதுப்பான நீரில் சில விநாடிகள் நனைத்து, எடுத்து ஒரு நிமிடம் பொறுத்து, தானாக நழுவும்போது தூரிகையால் தள்ளினோம். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் பஞ்சால் ஒற்றி நீரை வெளியேற்றினோம். இறக்கை கூடும் வளைவில் படலம் படியவில்லை. அதற்கென உள்ள மென்மையாக்கும் திரவத்தைத் தடவினேன். உடனே சன்னல் வளைவுகள் நெளிந்து சுருங்கின. 1990-ஆம் ஆண்டின் அந்த இரவு கண்முன் வந்து நின்றது. பேரன் பதறிப்போய் விரலால் அழுத்தப் போனான். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். இத்திரவம் முதலில் சுருக்கும். பிறகு தானாகவே இழுத்துப் படிய வைக்கும். நடுவில் தொட்டால் கிழிந்துவிடும். இதைப் படித்து அறிந்திருந்தும் என் நெஞ்சு அடித்துக்கொண்டது. பாங்கு சொன்னார்கள். விமானத்தை அப்படியே விட்டுவிட்டுப் பள்ளிக்குச் சென்றோம்.

மறுநாள் ஃபஜ்ருத் தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது, தீட்டி வைத்ததுபோல் வளைவுகள் படிந்திருந்தன, அல்ஹம்துலில்லாஹ். பேரன் துள்ளிக் குதித்தான். எனக்கோ மகிழ்ச்சியோடு ஒரு துயரமும் சேர்ந்தே வந்தது. அன்று எனக்கு இல்லாமற் போனது கைத்திறன் மட்டுமன்று. காய்வதற்குக் கொடுக்க ஒரு நாள் இல்லை.

மகன் விடுப்பில் வந்தபோது புது விமானத்தைக் காட்டினோம். கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தான். சன்னல்களை எண்ணுகிறானோ என்று எனக்குத் தோன்றியது. பிறகு, “பழையது எங்கே வாப்பா?” என்றான். அதைக் கொண்டுவந்து புதியதன் பக்கத்தில் அவனே வைத்தான். “இதையும் நீங்கள் எனக்காகத்தானே செய்தீர்கள்” என்றான். முப்பதாண்டுகளுக்கு மேலாக நான் மனத்தில் சுமந்ததை அவன் ஒரு வாக்கியத்தில் இறக்கி வைத்துவிட்டான்.

அயல்நாட்டில் உழைக்கும் இளைய தந்தையருக்கு ஒன்று சொல்வேன். பெட்டி நிறையப் பொருள் கொண்டு வாருங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் விடுப்பின் கடைசி இரவுக்குப் பிள்ளையைத் தள்ளி வைக்காதீர்கள். வந்த முதல் வாரத்திலேயே அவனோடு உட்காருங்கள். ஒட்டியது காயும்வரை உடன் இருங்கள். அப்படி இருக்க இயலாதவர்கள், என்னைப்போல் சுருங்கிய விமானத்தை விட்டுச் செல்ல நேர்ந்தாலும் மனம் உடைய வேண்டாம். பிள்ளைகள் நம்மைவிடப் பொறுமைசாலிகள். அந்தப் பொறுமைக்கு நாம் தகுதியுடையவர்களாக இருக்க வல்ல இறைவன் அருள் புரிவானாக. ஆமீன்.